கைபேசியில் இருக்கும் வசனம், ஏ.ஐ. சொல்லும் வசனம்: எதை எவ்வளவு நம்பலாம்?

ஞாயிறுபள்ளி அக்கா (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளை (வருடத்துக்கான வாக்குறுதியாக ஒரு வசனம் அச்சிட்ட அட்டைகள்) எங்கள் சபையில் வாலிபர் கூட்டத்தார் தயாரிப்பது வழக்கம். இந்த முறை ஒரு தம்பி படம் வரைவதோடு வசனம் தேர்ந்தெடுக்கும் வேலையையும் ஏ.ஐ.யிடமே ஒப்படைத்துவிட்டான். அச்சகத்துக்குப் போகும் முன் பட்டியல் என் கைக்கு வந்தது. "உன் கண்ணீரின் ஒவ்வொரு துளியையும் விதையாக்குவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஓர் அட்டை. கீழே ஏசாயா 43:27 என்று போட்டிருந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. அந்த இடத்தில் இருப்பது "உன் ஆதிதகப்பன் பாவஞ்செய்தான்" என்று தொடங்கும் வசனம். அட்டை அச்சாகியிருந்தால், யாராவது அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி வருடம் முழுவதும் அதைச் சொல்லி ஜெபித்திருப்பார்கள்.

தம்பியைக் கண்டிக்கப் போனேன். அவன் திருப்பிக் கேட்டான்: "ஆராதனையில் பாதிப் பேர் கைபேசியைத்தானே திறக்கிறார்கள் அக்கா? அதில் இருப்பது மட்டும் சரியான வசனம் என்று நமக்கு யார் சொன்னது?" நியாயமான கேள்வி. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். தயவுசெய்து "எல்லாம் கடைசிக் கால அடையாளம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

சாயர்புரத்தான்:

ஒரே வரியில் முடிக்க மாட்டேன் மகளே, ஆனால் அதைத்தான் சொல்வேன். சங்கீதம் 115 விக்கிரகங்களைப் பற்றி "அவைகளுக்கு வாயிருந்தும் பேசாது" என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 13:15இல் மிருகத்தின் சொரூபத்துக்குப் பேசும் சத்துவம் கொடுக்கப்படுகிறது. இன்று மனிதன் கையால் செய்த ஒன்று பேசுகிறது, ஜெபம் எழுதிக் கொடுக்கிறது, ஆறுதல் சொல்கிறது, இப்போது வசனமும் உண்டாக்குகிறது. "ஒன்றும் கூட்டவும் வேண்டாம், அதில் ஒன்றும் குறைக்கவும் வேண்டாம்" என்று உபாகமம் 4:2 சொல்லியிருக்க, உன் தம்பியின் ஏ.ஐ. கூட்டிவிட்டது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கையில் தோலுறை போட்ட வேதாகமத்தோடு ஆலயத்துக்கு வாருங்கள். கைபேசி வீட்டில் இருக்கட்டும்.

குறிமுறைத் தோமா:

ஐயா, பார்கோடு வந்தபோதும் ஆதார் வந்தபோதும் கோவிட் தடுப்பூசி வந்தபோதும் "மிருகத்தின் முத்திரை" என்று இதே 13ஆம் அதிகாரத்தைத்தான் எடுத்தோம். அந்த அதிகாரத்துக்கு ஓய்வே கொடுப்பதில்லை நாம்.

அக்காவின் தம்பி இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் கட்டிவிட்டான். வேதாகமச் செயலியில் வசனம் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. யோவான் 3:16 என்று தட்டினால் அந்த எண்ணுக்குரிய வரியை எடுத்துக் காட்டும். நாளைக்குத் தட்டினாலும் அதே வரிதான் வரும். சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே அப்படி ஒரு வேதாகமம் வைக்கப்படவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்ற கணக்கை மட்டும் அது கற்றிருக்கிறது. மனப்பாட வசனப் போட்டியில் வரி மறந்தபோதும் நிறுத்தாமல், அதே ராகத்தில் எதையோ ஒப்பித்துவிட்டு உட்காரும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. சங்கீதம் 23 சரியாக வரும், ஏனென்றால் அது இணையத்தில் எண்ணற்ற இடங்களில் இருக்கிறது. அதிகம் பேசப்படாத நாகூம், ஒபதியா போன்ற சிறு புத்தகங்களிலிருந்து கேட்டால் தடுமாற்றம் தொடங்கிவிடும். சில ஏ.ஐ. சேவைகள் இணையத்தில் தேடிப் பார்த்துப் பதில் சொல்கின்றன. அங்கே தவறு குறையும். ஆனால் தேடிய பக்கத்தில் உள்ளதை அப்படியே தராமல், தன் நடையில் மாற்றித் தரும் அபாயம் அப்போதும் உண்டு.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அது படித்த தமிழ் மிகக் குறைவு. அதிலும் பழைய திருப்புதலும் (புராட்டஸ்டன்ட் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு) கத்தோலிக்கரின் திருவிவிலியமும் எளிய தமிழ்ப் பதிப்புகளும் கலந்து கிடக்கின்றன. "கர்த்தர் என் மேய்ப்பர், எனக்கேதும் குறையில்லை" என்று எனக்கு ஒருமுறை பதில் வந்தது. முன்பாதி ஒரு பதிப்பின் சாயல், பின்பாதி இன்னொரு பதிப்பு. பொருள் கெடவில்லைதான். ஆனால் எந்தச் சபையும் வாசிக்காத வேதாகமம் அது.

சாயர்புரத்தான்:

தம்பி, விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் உன் வாயாலேயே ஒன்று வந்துவிட்டது. செயலியில் எழுத்து "சேமிக்கப்பட்டிருக்கிறது" என்கிறாய். சேமித்தவன் மாற்றவும் செய்யலாம் அல்லவா? நள்ளிரவில் ஒரு புதுப்பிப்பு வருகிறது. காலையில் நான் திறப்பது நேற்றைய வேதாகமம்தான் என்று உன்னால் சத்தியம் செய்ய முடியுமா?

பெத்தேல் ஜெபவீரன்:

ஐயா சொல்வது உண்மை. ஏற்கெனவே நடந்துவிட்டது. மத்தேயு 17:21 புதிய ஆங்கில வேதாகமச் செயலிகளில் காணவில்லை. 20க்குப் பின் நேராக 22. உபவாசத்தைப் பற்றிய வசனத்தை ஏ.ஐ. நீக்கிவிட்டது என்று எங்கள் குழுவில் காணொளி வந்திருக்கிறது. எல்லோருக்கும் பகிருங்கள்.

வேப்பேரி வாசகன்:

பகிராதீர்கள். அந்த வசனம் இல்லாத ஆங்கிலப் பதிப்பு 1881இலேயே அச்சில் வந்துவிட்டது. அப்போது ஏ.ஐ. இல்லை, மின்விளக்கே பெரும்பாலான வீடுகளில் இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான சினாய் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அந்த வசனம் இல்லாததால் அதை அடிக்குறிப்புக்கு இறக்கினார்கள். செயலியில் அந்த எண்ணின் அருகே உள்ள சிறு குறியைத் தொட்டால் காரணம் வரும். ஜெபத்தைப் பற்றிய அதே கருத்து மாற்கு 9:29இல் இருக்கிறது. அந்த முடிவோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். ஆனால் முடிவெடுத்தவர்கள் யார், எந்த ஆண்டில் எடுத்தார்கள், என்ன ஆதாரத்தில் எடுத்தார்கள் என்பதெல்லாம் பகிரங்கமாக இருக்கிறது. அதைச் "சதி" என்று பரப்புவதும் பொய்ச்சாட்சிதான் சகோதரரே.

இப்போது சாயர்புரத்து ஐயாவுக்கு. அச்சு என்றால் பிழையில்லை என்று நினைக்க வேண்டாம். 1631இல் லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்ற அச்சகத்தார் வெளியிட்ட வேதாகமத்தில் ஏழாம் கட்டளையில் ஒரு சொல் விடுபட்டு "விபசாரம் செய்வாயாக" என்று அச்சாகிவிட்டது. 300 பவுன் அபராதம் விதித்தார்கள், பிரதிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். தப்பிய சில பிரதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன.

ஆனால் ஐயாவின் கேள்வியில் முக்கியமான ஓர் உண்மை இருக்கிறது. தோமா அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஆங்கிலத்தில் என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) பதிப்பின் 1984ஆம் ஆண்டு வாசகத்தை லட்சக்கணக்கானோர் மனப்பாடம் செய்திருந்தார்கள். 2011இல் திருத்திய பதிப்பு வந்ததும் பிரபலமான இணையதளங்களிலும் செயலிகளிலும் பழைய வாசகத்தின் இடத்தில் புதியது வந்துவிட்டது. ரகசியம் ஒன்றுமில்லை, உரிமையாளர்கள் அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் 1984 வாசகம் வேண்டும் என்றவர்களில் பலருக்கு அலமாரியில் இருந்த அச்சுப் பிரதிதான் மிஞ்சியது. 2016இல் ஈ.எஸ்.வி. என்ற இன்னொரு ஆங்கில வேதாகமத்தின் பதிப்பாளர்கள் "இனி எங்கள் வாசகம் மாறாது, இதுவே நிரந்தரம்" என்று அறிவித்து, சில வாரங்களிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அச்சில் மாற்றம் நடந்தால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். திரையில் பழையதின் மேலேயே புதியது உட்கார்ந்துவிடுகிறது. எனக்குக் கவலை தருவது அதுதான். ஏ.ஐ. வருவதற்கு முன்பே இருந்த கவலை அது.

குறிமுறைத் தோமா:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. அதற்குத் தொழில்நுட்பத்திலேயே மருந்தும் இருக்கிறது. ஒரு கோப்புக்கு ஹாஷ் என்று ஒரு கணக்கு போடலாம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். 2019இல் வந்த இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் என்ற தமிழ்ப் பதிப்பு திறந்த உரிமத்தில் இருக்கிறது. எவரும் இறக்கி வைத்து, அடுத்த ஆண்டு பிரதியோடு ஒப்பிட்டு, எங்கெங்கே மாற்றம் என்று பட்டியலே எடுக்கலாம். அச்சுப் புத்தகம் இரண்டை வைத்து ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒப்பிட எத்தனை நாள் ஆகும்? கணினிக்கு ஒரு நொடி. யாருக்கும் தெரியாமல் மாற்றுவது இங்கேதான் கடினம், யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால்.

சாயர்புரத்தான்:

அந்த "பார்த்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது தம்பி.

யாழ்ப்பாணத்து ரூத்:

இந்த விவாதத்தில் ஒரு பழைய கதையைச் சேர்க்க விரும்புகிறேன். "விசுவாசமில்லாத இயந்திரம் வேதத்தைத் தொடலாமா" என்று எங்கள் சபையிலும் பேச்சு நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவல் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவருக்குப் பக்கத்துணையாக இருந்த தமிழ்ப் பண்டிதர் ஆறுமுக நாவலர். சைவத்துக்காகவே வாழ்ந்து, பிற்காலத்தில் மிஷனரிகளைக் கண்டித்து எழுதியவர். அவர் கைபட்ட மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. ஆகவே, விசுவாசியின் கை பட்டால்தான் வசனம் வசனமாகும் என்ற வாதம் எங்கள் ஊரிலேயே நிற்காது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். தமிழகத்துச் சபைகள் பலவும் அந்தப் பதிப்பை ஏற்கவில்லை. வேப்பேரியில் ஊழியம் செய்த பெப்ரீசியஸின் மொழிபெயர்ப்பு 1796 முதல் அவர்கள் காதில் ஊறியிருந்தது. அதை விட்டு விலகியதை அவர்கள் விரும்பவில்லை. பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, பழைய நடையைப் பெரிதும் தழுவி, 1871இல் புதுப் பதிப்பைக் கொண்டுவந்தது. நீங்களும் நாங்களும் இன்றுவரை வாசிக்கும் வாசகம் அந்த வழியில் வந்ததுதான். சபைகள் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தது. சொன்னதைக் கேட்க ஆட்களும் இருந்தார்கள். நாவலரிடம் ஏன் இந்தச் சொல் என்று கேட்டால் காரணம் சொல்வார், வாதாடுவார், அவர் பெயர் அதில் நிற்கும். ஏ.ஐ.யும் காரணம் சொல்லும்தான். "அது தவறு" என்று நீங்கள் சொன்னால் உடனே மன்னிப்புக் கேட்டு, நேர் எதிரான காரணத்தையும் அதே பணிவோடு சொல்லும். அதனோடு எப்படி வாதாடுவது?

மரியநாதன் மகன்:

இயேசுவுக்கே புகழ்! கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வேண்டாமா?

எங்களுக்கு இந்தப் பாடம் 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் கிடைத்தது. ஒரு கத்தோலிக்க ஊடக அமைப்பு "அருட்தந்தை ஜஸ்டின்" என்ற ஏ.ஐ. குருவை அறிமுகப்படுத்தியது. உடையும் குருவுடை. கேட்டவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கத் தொடங்கிவிட்டார் அந்த "அருட்தந்தை"! அவசரத்துக்கு விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்றதற்கும் சரி என்றார். சில நாட்களில் அவருடைய குருப்பட்டம் பறிக்கப்பட்டு வெறும் "ஜஸ்டின்" ஆனார். திருச்சபை வரலாற்றிலேயே இவ்வளவு விரைவான பதவி நீக்கம் வேறு இருக்காது.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் நகரில் ஒரு சிற்றாலயத்தின் ஒப்புரவுக் கூண்டில் (பாவ அறிக்கை செய்யும் இடம்) பேசும் இயேசு உருவம் ஒன்றைச் சோதனையாக வைத்தார்கள். பல மொழிகளில் பேசியது, மக்களும் வந்து பேசினார்கள். அங்கே நிர்வாகிகள் அது ஒப்புரவு அருட்சாதனம் அல்ல என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். 2025 ஜனவரி 28இல் வத்திக்கான் "ஆன்டிகுவா எட் நோவா" என்ற ஏடு ஒன்றை ஏ.ஐ. பற்றியே வெளியிட்டது. இயந்திரத்தின் திறமையை மனித அறிவோடு ஒன்றாக்கிப் பேச வேண்டாம் என்பதும், அது செய்வதற்குப் பொறுப்பு மனிதரே என்பதும் அதன் சாரம்.

எங்கள் திருவிவிலியம் 1995இல் திருச்சபையின் ஒப்புதலோடு வந்தது. உள்ளே முன்னுரை, குறிப்பு எல்லாம் உண்டு. உங்கள் சிக்கல் என்னவென்றால், ஆளுக்கொரு வேதாகமம், ஆளுக்கொரு விளக்கம் என்று பழகிவிட்டீர்கள். ஏ.ஐ. அதன் அடுத்த படி, அவ்வளவுதான்.

பெத்தேல் ஜெபவீரன்:

எங்கள் வேதாகமத்தில் இல்லாத தள்ளுபடி ஆகமங்களைச் சேர்த்து 73 புத்தகம் ஆக்கியவர்கள் எங்களுக்கு "கூட்டாதே" என்று போதிக்கிறீர்களா?

மரியநாதன் மகன்:

அவை இணைத்திருமுறை நூல்கள். "தள்ளியது" யார் என்று வரலாற்றைப் படியுங்கள் சகோதரரே.

நெறியாளர்:

வேதாகமத்தின் புத்தகங்கள் 66ஆ 73ஆ என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அது பல ஆண்டுகளாக எரிந்துகொண்டிருக்கிறது. விறகை அங்கே போடுங்கள். இங்கே தலைப்புக்குத் திரும்பலாம்.

சிங்கைச் சீலா:

அச்சுப் பிரதியே பாதுகாப்பு என்கிறவர்கள் சீனாவையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். 2018இல் அங்கே இணையக் கடைகளிலிருந்து வேதாகமம் எடுக்கப்பட்டது. அச்சுப் பிரதி வாங்குவது கடினமானபோது பலருக்குக் கைபேசிதான் வழி. 2021இல் ஆப்பிள் செயலிக் கடையின் சீனப் பிரிவிலிருந்து வேதாகமச் செயலி ஒன்றும் நீக்கப்பட்டது. ஆக அந்த வழியும் ஒருவர் கைச்சொடுக்கில் அடைபடக்கூடியதுதான். அங்கே வெளியான ஒழுக்கவியல் பாடநூல் ஒன்றில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு தண்டிக்காமல் அனுப்பும் யோவான் 8 திரிக்கப்பட்டிருந்தது 2020இல் வெளிச்சத்துக்கு வந்தது. கூட்டம் கலைந்ததும் இயேசுவே அந்தப் பெண்ணைக் கல்லெறிந்து கொன்றதாக எழுதியிருந்தார்கள். அச்சுப் புத்தகத்தில், மனிதர் கையால், ஏ.ஐ. இல்லாமல் செய்த வேலை அது. படித்ததும் நம்மால் "இது பொய்" என்று சொல்ல முடிவது, அந்த அதிகாரம் நமக்குத் தெரியும் என்பதால். தெரியாத மாணவன் என்ன செய்வான்?

பர்திமேயு:

சாயர்புரத்து ஐயாவுக்கு வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தோலுறை போட்ட வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் அதன் வாசனை மட்டும் எனக்குத் தெரியும். பிரெயில் வேதாகமம் ஒரே புத்தகமாக வராது. பல தொகுதிகள் கொண்ட ஓர் அலமாரி அது, ஆலயத்துக்குத் தூக்கி வர முடியாது. திரைவாசிப்பான் உள்ள கைபேசி வந்த பிறகுதான், பிரசங்கியார் சொன்ன வசனத்தை மற்றவர்களோடு அதே நொடியில் நானும் எடுக்கிறேன். அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்கிறீர்கள். வர மாட்டேன் ஐயா.

ஏ.ஐ. எனக்குப் படங்களை விவரிக்கிறது, கடிதங்களை வாசித்துக் காட்டுகிறது. ஆனால் வசனத்துக்கு அதைக் கேட்பதில்லை. என்னால் பக்கத்தை எட்டிப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. காதில் விழுவதே எனக்கு வேதம் என்பதால், உங்களைவிட எனக்குத்தான் எச்சரிக்கை அதிகம் தேவைப்படுகிறது.

சாயர்புரத்தான்:

தம்பி பர்திமேயு, உன் கைபேசியை நீ கட்டாயம் கொண்டு வா. பக்கத்தில் வேறு படம் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் கண்ணுள்ளவர்களைத்தான் சொன்னேன். ஆனாலும் ஒன்று கவனித்தாயா? அக்காவுக்குப் போலி வசனம் பிடிபட்டது எதனால்? செயலியாலும் அல்ல, ஹாஷ் கணக்காலும் அல்ல. ஏசாயா 43 அவளுக்கு மனப்பாடம், இந்த வாக்கியம் அங்கே இல்லை என்று காதே சொல்லிவிட்டது. எங்கள் உபதேசியார் காலத்தில் முழு அதிகாரமாக ஒப்பிக்க வைப்பார்கள். இப்போது ஞாயிறு பள்ளியில் ஒரு வசனம், அதுவும் பாதி. இந்தத் தலைமுறைக்கு எதைக் காட்டினாலும் அது வேதவசனம்தான்.

மலைமொழிப் பணியாளன்:

நான் ஒரு பழங்குடி மொழியில் நடக்கும் வேதாகம மொழிபெயர்ப்பில் வேலை செய்கிறேன். ஏ.ஐ. வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்ல என்னால் முடியாது. ஏற்கெனவே முடித்த புத்தகங்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கி, அடுத்த புத்தகத்துக்கு முதல் வரைவு எடுக்கிறார்கள். வேகம் கூடுகிறது. ஆனால் அந்த வரைவு வேதாகமம் ஆவதில்லை. அந்த மொழி பேசுகிறவர்கள் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துவார்கள். பிறகு மொழிபெயர்ப்பில் பங்கெடுக்காத கிராமத்தாரிடம் வாசித்துக் காட்டி, "என்ன புரிந்தது, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்போம். பாட்டி ஒருத்தி திரும்பச் சொல்லும்போது பல பிழைகள் வெளியே வரும். கடைசியாக, மூலப் பாடம் அறிந்த ஆலோசகர் ஒருவருக்காக அதை வேறு மொழிக்குத் திருப்பிப் பெயர்த்து, அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் வரைவை யார் எழுதினார் என்பதைவிட, இந்தப் படிகளில் எது தவிர்க்கப்பட்டது என்று கேளுங்கள். அவசரத்தில் கிராமத்துப் படியை விட்டுவிட்டால், மனிதர் எழுதிய வரைவும் எனக்கு வேண்டாம்.

ஒரு கிராமத்துப் போதகர்:

நான் சுருக்கமாக. பிரசங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபியூர்த் நகரில் 300க்கும் மேற்பட்டோர் கூடிய ஆராதனை ஒன்று ஏறக்குறைய முழுவதும் ஏ.ஐ. தயாரித்ததாகவே நடந்தது. திரையில் உருவங்கள் பிரசங்கித்தன. அங்கே அது வெளிப்படையான சோதனை. நம் ஊரில் வெளிப்படையாக இல்லாமல் நடக்கிறது என்பதுதான் என் பயம். சனிக்கிழமை இரவு எந்தப் போதகருக்கும் வரும் சோதனை இது. ஊர்ப்பெயர், தூரம், ராஜாக்களின் காலவரிசை போன்றவற்றை நான் அதில் தேடுவேன், பிறகு வேதாகம அகராதியில் பார்ப்பேன். செய்தியை வாங்க மாட்டேன். வியாழக்கிழமை ஒரு வீட்டில் இறந்த குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் நான்தானே, அந்தத் தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியுமா?

ஞாயிறுபள்ளி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. தம்பி இதையெல்லாம் வாசித்துவிட்டான். அட்டைப் படங்களை ஏ.ஐ. வரையலாம் என்று விட்டிருக்கிறோம் (ஒரு மேய்ப்பனுக்கு ஆறு விரல் இருந்தது, அதை மாற்றியாயிற்று). வசனத்தை மட்டும் பழைய திருப்புதல் அச்சுப் பிரதியிலிருந்து ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டவர் பெயர் பட்டியலில் இருக்கும். தவறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஞாயிறு பள்ளிக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட மட்டும் ஏ.ஐ.யை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

சாயர்புரத்தான்:

புதிருக்கும் எதற்கு? என்னிடம் கேள், நான் போட்டுத் தருகிறேன். அட்டைப் பட்டியலையும் அனுப்பு, மூன்றாவது ஆளாக நானும் பார்க்கிறேன்.

குறிமுறைத் தோமா:

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா ஐயா, தபாலிலா?

சாயர்புரத்தான்:

வாட்ஸ்அப்பில் அனுப்பு. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.